கடலைத் தடுப்பது இருக்கட்டும், தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா?

டெல்டாவில் தாழ்வான இடத்தில் குடியிருப்பவர்களிடம் கடல் மட்டம் உயர்வதைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு நேராகக் கரைக்குத்தான் போய் நிற்கும். கரையை எவ்வளவு உயர்த்தலாம், கல் போடலாமா, சுவரே கட்டிவிடலாமா என்று. நானும் ஆறு கடலில் சேரும் தாழ்ந்த பகுதியில்தான் வாழ்கிறேன். கரையையும் வடிகாலையும் பார்த்துக்கொள்ளும் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன், மழைக்காலத்தில் மதகில் இரவு முறை போட்டுக் காவல் இருப்பதும் உண்டு. கரை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீடுகளுக்குள் வந்த தண்ணீரில் பெரும்பகுதி கரையைத் தாண்டி வந்த கடல் தண்ணீர் கிடையாது. உள்ளே பெய்த மழையும் மேலிருந்து வந்த ஆற்று நீரும் வெளியே போக வழியில்லாமல் தேங்கியதுதான். கடல் உயர உயர முதலில் கெடுவது இந்த வெளியேறும் வழிதான். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிறகான காலத்தில் வேகம் ஆண்டுக்குச் சுமார் 3.7 மில்லிமீட்டர். இந்த நூற்றாண்டின் முடிவில், புகை வெளியேற்றம் நன்றாகக் குறைந்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர், குறையாமல் கூடிக்கொண்டே போனால் 63 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை என்பது ஐ.நா.வின் காலநிலை மாற்ற ஆய்வுக் குழுவான ஐபிசிசியின் கணிப்பு. இதைக் கேட்டதும் பலர் "அவ்வளவுதானா, வருடத்துக்கு 4 மில்லிமீட்டர்தானே" என்பார்கள். டெல்டாவில் கணக்கு அதோடு முடிவதில்லை. கடல் ஏறுவது ஒரு பக்கம் இருக்க, நம் காலடி நிலம் இறங்குவது இன்னொரு பக்கம். டெல்டா மண் ஆறு கொண்டுவந்து போட்ட தளர்வான வண்டல், அது தன் எடையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். அடியில் இருந்து நிலத்தடி நீரை உறிஞ்சினால் இன்னும் வேகமாக அமுங்கும். பல டெல்டாக்களில் இந்த இறக்கம் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது, அதாவது கடல் ஏறுவதைப் போல மூன்று மடங்கு.

இதைக் கண்ணால் பார்க்க முடியும் என்று பலருக்குத் தெரியாது. எங்கள் பகுதியில் ஒரு பழைய ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. இரும்புக் குழாய் ஆழத்தில் கெட்டியான அடுக்கில் நிற்கிறது. அதைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் மேடை மேல்மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. மேடை போட்டபோது குழாயின் கழுத்தும் சிமெண்டும் ஒட்டியிருந்தன, இப்போது மேடைக்கு மேலே துருப்பிடித்த குழாய் ஒரு சாண் அளவுக்குத் தெரிகிறது, பழைய சிமெண்ட் ஒட்டியிருந்த வெள்ளை வளையம்கூட அப்படியே இருக்கிறது. குழாய் வளர்ந்துவிட்டது என்று சிறுவர்கள் சொல்வார்கள். தரைதான் இறங்கியிருக்கிறது. ஆழத்துக்கு அடித்து இறக்கிய தூண்களில், அதாவது பைல் அடித்தளத்தில் நிற்கும் பாலங்களிலும் கட்டடங்களிலும் இதே அடையாளம் உண்டு. பாலத்துக்கு ஏறும் சாலை இறங்கி, சேரும் இடத்தில் படி மாதிரி விழுந்திருக்கும், நிலைவாசலுக்கு முன்னால் ஒரு படி கூடுதலாகக் கட்ட வேண்டி வந்திருக்கும்.

ஆகவே முதல் வேலையாக ஆழமான அடித்தளம் உள்ள ஒரு தூணில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். வருடம் ஒரு முறை, மழைக்கு முன், பக்கத்துத் தரை அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதுங்கள். மழை பெய்து ஊறியிருக்கும்போது அளக்க வேண்டாம், களிமண் உப்பி அளவைக் கெடுக்கும். துல்லியமான அளவு இல்லைதான், செயற்கைக்கோள் ரேடார் மூலம் ஆட்கள் இதைவிட நன்றாக அளக்கிறார்கள். ஆனால் எங்கள் கூட்டங்களில் எந்த வரைபடமும் செய்யாத வேலையை அந்த நோட்டு செய்தது. ஆழ்துளைக் கிணறுகளைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சை அதற்கு முன் யாரும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அப்படிக் குறைத்தால் பலன் இருக்குமா என்று கேட்பார்கள். இருக்கும். டோக்கியோவின் தாழ்வான கிழக்குப் பகுதி சில இடங்களில் 4 மீட்டருக்கு மேல் இறங்கியது. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்திய பிறகு இறக்கம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இத்தாலியில் போ ஆற்று டெல்டாவில் மீத்தேன் வாயு கலந்த நீரை உறிஞ்சி எடுத்ததால் நிலம் சில இடங்களில் 2 மீட்டருக்கு மேல் இறங்கியது, 1960களின் தொடக்கத்தில் அதை நிறுத்தியதும் வேகம் வெகுவாகக் குறைந்தது. நின்றதே தவிர, இறங்கிய நிலம் திரும்ப மேலே வரவில்லை. ஜகார்த்தாவின் வடபகுதியில் சில இடங்கள் சில பத்தாண்டுகளிலேயே 4 மீட்டர் வரை இறங்கியிருக்கின்றன. வியட்நாமின் மீகாங் டெல்டா கடல் மட்டத்துக்கு மேல் சராசரியாக இரண்டரை மீட்டர் இருக்கிறது என்று பழைய செயற்கைக்கோள் தரவுகளை வைத்து நம்பிக்கொண்டிருந்தார்கள், 2019இல் தரை அளவீடுகளோடு சரிபார்த்தபோது உண்மையான சராசரி வெறும் 0.8 மீட்டர்தான் என்று தெரிந்தது. உங்கள் பகுதிக்கு யாராவது வெள்ள வரைபடம் போட்டுக் கொடுத்தால், தரை மட்டத்தை எப்படி எடுத்தீர்கள், எந்த வருடத்து அளவு என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கடல் பற்றிய கணிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், தரை மட்டம் தப்பென்றால் வரைபடமே தப்பு.

சரி, வடிகாலுக்கு வருகிறேன். தாழ்வான டெல்டாவில் கடைசி மதகுக்குக் கடல்தான் நேரம் கொடுக்கிறது. வற்றத்தில், அதாவது கடல் வடியும் நேரத்தில், வெளியே கடல் மட்டம் கால்வாய் மட்டத்துக்குக் கீழே இறங்கினால் கதவு திறக்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் ஓடும். ஏற்றத்தில் மூடிக்கொள்ளும். பெரும்பாலான இடங்களில் இது 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஒரு எளிய கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், இதை ஒவ்வொரு கூட்டத்திலும் பலகையில் வரைவேன். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 1 மீட்டர் வித்தியாசம் என்று வையுங்கள். கால்வாயில் தண்ணீர் மட்டம் கடலின் சராசரி மட்டத்திலேயே இருக்கிறது. அப்படியானால் ஒரு சுற்றில் பாதி நேரம், அதாவது சுமார் 6 மணி நேரம், தண்ணீர் வெளியே ஓடும். இப்போது கடல் ஏறியதும் நிலம் இறங்கியதும் சேர்ந்து 25 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிட்டது. ஓடும் நேரம் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். ஓடும்போதும் உயர வித்தியாசம் குறைவு என்பதால் முன்பிருந்த வேகம் இருக்காது. 50 சென்டிமீட்டர் ஆனால் மதகு திறக்கவே திறக்காது. நிலம் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் இறங்கும் இடத்தில் அந்த 25 சென்டிமீட்டர் வருவதற்கு இருபது வருடம்கூட ஆகாது. கரையைத் தாண்டி ஒரு சொட்டுக் கடல் நீர் வரவில்லை, ஆனால் வடிகால் செத்துவிட்டது. "முன்னெல்லாம் ரெண்டு நாளில் வடிந்துவிடும், இப்போது ஒரு வாரம் நிற்கிறது" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். மழை கூடிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள், பாதிக் காரணம் மதகில் இருக்கும்.

மதகில் ஒரு இரவு நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். எங்கள் மதகில் வெளிப்பக்கம் மேலே கீல் போட்டுத் தொங்கும் இரும்புக் கதவு, ஏற்றம் வந்தால் தண்ணீரே தள்ளி மூடிவிடும், யாரும் தொட வேண்டாம். அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றம், கூடவே புயல் சின்னம் என்பதால் காற்றழுத்தம் குறைந்து கடல் இன்னும் கொஞ்சம் மேலே. அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும், அதற்கு மேல் காற்று தள்ளுவது தனி. மறுநாள் கனமழை என்று எச்சரிக்கை இருந்ததால் அன்று பகல் வற்றத்திலேயே கால்வாயை முடிந்தவரை காலி செய்து வைத்திருந்தோம். இரவு முறைக்கு என்னோடு வந்தவர் ஷட்டர் வேலையிலேயே வயதானவர். டார்ச் அடித்துப் பார்த்தால் கதவு மூடியிருக்கிற மாதிரிதான் தெரிந்தது. அவர் கீழே உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டார். "தம்பி, கதவு சாத்திருக்கான்னு கண்ணால பாக்காத, காதால கேளு. சாத்தியிருந்தா சத்தம் நின்னிருக்கணும்" என்றார். கேட்டேன். கீழே சீறுகிற மாதிரி ஒரு சத்தம். கை தடிமன் உள்ள ஒரு மரக்கிளை கதவின் அடி விளிம்பில் குறுக்கே மாட்டி, நாலு விரல் இடைவெளி விட்டிருந்தது. அந்த நாலு விரல் வழியாக விடியும்வரை உப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது அந்தக் கதவை அசைக்க மனிதரால் முடியாது, கையை விட்டால் கை போய்விடும். வற்றம் வந்த பிறகு நீளக் கொக்கிக் கம்பால் கிளையை இழுத்தோம். ஆனால் அதற்குள் நாங்கள் காலி செய்து வைத்த கால்வாய் மறுபடி நிறைந்துவிட்டது, மழை வந்தபோது அதற்கு உள்ளே இடமே இல்லை. தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறியது அந்தக் கிளையால்தான்.

அதற்கு முந்தைய பராமரிப்பில் பொறுப்பான அலுவலகம் கதவுக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தது. விளிம்பு ரப்பர் வெடித்துப் போயிருந்ததை மாற்றவில்லை. குப்பையைத் தடுக்கும் கம்பி வலை உள்பக்கம் மட்டும்தான் இருந்தது. ஆற்றில் மேலிருந்து வரும் குப்பை ஏற்றத்தில் வெளிப்பக்கத்திலிருந்தும் வந்து முட்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்த பிறகே வெளிப்பக்கமும் வலை வந்தது. ஆகவே உங்கள் பகுதியில் மதகு இருந்தால் மழைக்கு முன் ஒரு ஏற்றத்தின் உச்சத்தில் போய்ப் பாருங்கள். எல்லோரும் வற்றத்தில் போய்க் கதவைப் பார்த்துவிட்டு வருவார்கள், அப்போது எல்லா மதகும் நன்றாகத்தான் இருக்கும். ஏற்றத்தில் உள்பக்கம் நின்று கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரையை மழைக்கு இரண்டு மாதம் முன்பே ஒரு முறை, மழைக்குச் சற்று முன் இன்னொரு முறை எடுக்க வேண்டும். எடுத்ததைக் கரையிலேயே குவித்து வைத்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும், அதனால் அப்புறப்படுத்தும் செலவையும் சேர்த்தே கேளுங்கள்.

பம்ப் வைத்துவிட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. சில இடங்களில் வேறு வழியில்லை, வைத்தே ஆக வேண்டும். ஆனால் புயலில் முதலில் போவது மின்சாரம். டீசல் வேண்டும், டீசல் வைக்கும் இடமும் மோட்டாரும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், ஓட்டத் தெரிந்த ஆள் அந்த இரவில் அங்கே இருக்க வேண்டும். அவர் வீடும் தண்ணீரில் இருக்கும் என்பதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. எங்கள் குழுவில் பம்ப் ஆள் குடும்பத்தை முதலிலேயே மேடான இடத்துக்குக் கொண்டுபோய் விடுவதை ஒரு வேலையாகவே எழுதி வைத்திருக்கிறோம். இன்னொன்று, மக்கிய தாவரங்கள் சேர்ந்த கரிமண் உள்ள இடங்களில் வடித்துக்கொண்டே இருந்தால் மண் காய்ந்து கரைந்து நிலம் இன்னும் இறங்கும். நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பல நூற்றாண்டாக இப்படித்தான் இறங்கி வந்திருக்கிறது. பம்போடு சேர்த்து, தண்ணீர் சில மணி நேரம் நிற்க இடமும் வேண்டும். பழைய குளம், கைவிட்ட கால்வாய்ப் பிரிவு, பள்ளமான பொது நிலம் இவற்றைத் தூர்க்க விடாமல் காப்பதுதான் மிக மலிவான வெள்ளத் தடுப்பு. மதகு மூடியிருக்கும் அந்த எட்டு மணி நேர மழையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உடைந்தால் உயிர் போகும். கரை மேலே தண்ணீர் வழிந்துதான் உடையும் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸை நினைத்துப் பாருங்கள். 2005இல் கத்ரீனா புயலில் அந்த நகரத்தில் 80 சதவீதம் மூழ்கியது. முக்கியமான சில கால்வாய்ச் சுவர்கள் தண்ணீர் அவற்றின் உச்சியை எட்டும் முன்பே, அடிமண் தளர்ந்து சரிந்தன. அடியிலிருந்துதான் பல கரைகள் போகின்றன. ஆற்றில் தண்ணீர் உயரும்போது கரைக்கு அடியில் ஊறி, உள்பக்கக் காலடியில் சின்ன ஊற்றாகக் குமிழியிடும். அதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா. தெளிவாக வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக, நுண்மணலைக் கொண்டுவந்து சுற்றிலும் எறும்புப் புற்று மாதிரி வட்டமாகக் குவித்தால், கரையின் அடியிலிருந்து மண் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பார்த்தவுடன் மூட்டையைத் தூக்கி அதன் வாயில் போட்டு அடைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அடைத்தால் அழுத்தம் பக்கத்தில் இன்னொரு வாயைத் திறக்கும். செய்ய வேண்டியது, ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் கொஞ்சம் உயர்ந்து நிற்கும்படி விடுவது. வளையத்துக்குள் தண்ணீர் மட்டம் ஏற ஏற எதிர் அழுத்தம் கூடி, மண் வருவது நின்று தண்ணீர் தெளியும். தெளிந்தவுடன் அந்த உயரத்தோடு நிறுத்தி, தெளிந்த தண்ணீர் ஒரு பக்கமாக வழிய விட வேண்டும். இதைப் பகலில், வெயில் காலத்தில், எல்லோரையும் கூப்பிட்டு ஒரு முறை செய்து காட்டுங்கள். நடு இரவு மழையில் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர், கரையைக் குடைந்து போட்ட குழாய் எல்லாம் அதே வகை ஆபத்து. குழாய்தான் மிகவும் சண்டை வரும் விஷயம். இறால் குட்டைக்கு உப்பு நீர் எடுக்கக் கரைக்குள் குழாய் போட்டால் அந்தக் கரை பாதி உடைந்த கரைதான், யார் போட்டிருந்தாலும். எங்கள் இடத்தில் ஒருவரிடம் பேசிப் பேசி, கரை மேலாக வளைத்து எடுக்கும் சைஃபன் முறைக்கு மாற்றினோம், மாற்றும் செலவைக் குழு பாதி ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவர் சம்மதித்தார். சும்மா மிரட்டியிருந்தால் இரவில் திரும்பக் குழாய் போட்டிருப்பார்.

கரை உயர்ந்தால் அதற்குப் பின்னால் வீடுகள் கூடும். பயம் போய்விடும், தாழ்வான இடத்திலும் வீட்டு மனை போடுவார்கள், அப்புறம் உடையும் நாளில் இழப்பு பல மடங்கு. கில்பர்ட் வைட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1940களிலேயே இதை எச்சரித்தார். அதிகாரிகள் "நூறாண்டு வெள்ளத்தையும் தாங்கும்" என்று சொல்வார்கள், கேட்பவர் நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்று எடுத்துக்கொள்வார். அதன் பொருள் ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான். முப்பது வருடம் ஒரு வீட்டில் இருந்தால் அதைப் பார்க்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். அதுவும் கடல் இப்போதிருக்கும் மட்டத்திலேயே நின்றால்தான். கடல் ஏற ஏற, நூறாண்டுக்கு ஒருமுறை வந்த கடல் மட்டம் பல கரையோரங்களில் இந்த நூற்றாண்டுக்குள் ஆண்டுதோறும் வரக்கூடியதாகிவிடும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வண்டல். ஆறு கொண்டுவரும் வண்டல்தான் டெல்டாவை உயர்த்திக்கொண்டே வந்தது, அதனால்தான் மண் அமுங்கினாலும் டெல்டாக்கள் கடலுக்கு மேலே நின்றன. மேலே அணை கட்டினால் வண்டல் அங்கேயே தங்கிவிடுகிறது. 1970இல் அஸ்வான் உயரணை முடிந்த பிறகு நைல் டெல்டாவுக்கு வண்டல் வருவது கிட்டத்தட்ட நின்று, கடற்கரை அரிப்பு வேகமெடுத்தது. மிசிசிப்பி ஆற்றைக் கரைகளுக்குள் அடைத்ததும், எண்ணெய்க்குக் கால்வாய்கள் வெட்டியதும், நிலம் அமிழ்ந்ததும் சேர்ந்து லூசியானா 1930களிலிருந்து ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை இழந்திருக்கிறது. வங்கதேசத்தில் 1960களில் கடலோரத் தீவுகளைச் சுற்றிக் கரை கட்டினார்கள். விளைச்சல் கூடியது, உண்மை. ஆனால் வண்டல் உள்ளே வருவது நின்றது. 32ஆம் எண் போல்டர் (கரை சூழ்ந்த தாழ்நிலம்) என்ற தீவுப் பகுதியில் உள்நிலம், பக்கத்தில் கரையில்லாமல் விட்ட சுந்தரவனக் காட்டைவிட 1 முதல் 1.5 மீட்டர் தாழ்ந்துபோயிருந்தது. 2009இல் அய்லா புயலில் கரை உடைந்தபோது, ஏற்றத் தண்ணீர் ஏறத்தாழ இரண்டு வருடம் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. மக்கள் பட்ட பாட்டுக்கு அளவே இல்லை. ஆனால் அதே தண்ணீர் பல பத்து சென்டிமீட்டர் வண்டலையும் போட்டுவிட்டுப் போனது.

அதே நாட்டின் தென்மேற்கில் ஊர்மக்கள் இதை முன்பே கண்டுகொண்டிருந்தார்கள். தேங்கிய நீரில் பல வருடம் தவித்த பிறகு, 1997இல் பீல் பைனா என்ற தாழ்நிலத்தின் கரையைத் தாங்களே வெட்டி, ஏற்றத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். வண்டல் நிலத்தில் படிந்தது, திரும்பி ஓடிய தண்ணீர் தூர்ந்துபோன ஆற்றை ஆழமாக்கியது. பிறகு அரசும் அந்த முறையை ஏற்றுக்கொண்டது. இதை எங்கள் குழுவில் சொன்னபோது முதலில் பெரிய எதிர்ப்பு. "என் நிலத்தில் மட்டும் ஏன் தண்ணீர் விட வேண்டும்?" நியாயமான கேள்வி. சில வருடம் பயிர் இல்லாமல் இருப்பவருக்கு யார் கொடுப்பது, குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கு என்ன, நிலமே இல்லாத கூலி ஆளுக்கு என்ன? நாங்கள் சின்ன அளவில், மிகத் தாழ்ந்த ஒரு துண்டில், ஆற்றில் செம்மண் கலங்கல் வரும் வாரங்களில் மட்டும் தண்ணீரை மெதுவாக உள்ளே விட்டு, தெளிந்ததும் வெளியே விட்டோம். ஈடு எவ்வளவு, எத்தனை பருவம், எப்போது நிலம் திரும்பக் கையில் வரும் என்பதையெல்லாம் எழுத்தில் முடித்த பிறகே மதகைத் தொட்டோம். வண்டல் படிந்ததைவிட, கூலி ஆட்களுக்கும் பங்கு என்று எழுதியதுதான் அடுத்த துண்டுக்கு ஆட்கள் முன்வரக் காரணமாக இருந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

நெதர்லாந்தில் 1953இல் கடல் உள்ளே வந்து 1,836 பேர் இறந்த பிறகு பெரிய பெரிய தடுப்புகளைக் கட்டினார்கள். அந்த நாடே 1995இல் ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. அதன் பிறகுதான் கரையை உயர்த்திக்கொண்டே போகாமல் ஆற்றுக்கு இடம் விடும் திட்டம் பிறந்தது. ஓவர்டீப்ஸே என்ற தாழ்நிலத்தில் விவசாயிகளே முன்வந்து யோசனை சொன்னார்கள்: கரையைத் தாழ்த்துங்கள், பெருவெள்ளத்தில் வயலுக்குள் தண்ணீர் வரட்டும், எங்கள் வீட்டையும் தொழுவத்தையும் மண் மேடுகள் மேல் கட்டிக்கொள்கிறோம் என்று. எல்லோருக்கும் அங்கே இடம் இருக்கவில்லை, சில குடும்பங்கள் வேறிடம் போயின. அதை மறைக்காமல் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டு அளவில் செய்யக் கூடியவை சிலவும் சொல்லிவிடுகிறேன். மின் பெட்டி, சுவிட்சுகள், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் இதுவரை வந்த உயர்ந்த தண்ணீர்க் கோட்டுக்கு மேலே போக வேண்டும், அந்தக் கோட்டை அழிக்காமல் சுவரில் விட்டு வையுங்கள். கழிவறை வழியாகத்தான் வீட்டுக்குள் முதலில் தண்ணீர் வரும், குழாயில் எதிர்த்திசை ஓட்டத்தைத் தடுக்கும் வால்வு போடுங்கள், இல்லையென்றால் மணல் மூட்டையை பீங்கான் மேல் அழுத்தி வையுங்கள். வெளியே முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறிக்கொண்டே போனால் வாசலை அடைத்து உள்ளே வராமல் பிடிப்பது ஆபத்து, வெளி அழுத்தத்தில் சுவர் உள்ளே சரியும். அந்தக் கட்டத்தில் பொருளை மேலே ஏற்றிவிட்டு, ஆட்கள் வெளியேறிவிட வேண்டும், தண்ணீரை உள்ளே விட்டுவிட வேண்டும். ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே ஆளைத் தள்ளும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை மிதக்க வைத்து இழுத்துப் போய்விடும். வண்டியில் கடந்துவிடலாம் என்று போய்த்தான் நிறையப் பேர் சாகிறார்கள்.

உப்பு வந்து போன நிலத்தில் அவசரப்பட்டு ஏர் ஓட்ட வேண்டாம். நல்ல தண்ணீரைத் தேக்கி, ஊற விட்டு, வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும், மண் இறுகிப் போயிருந்தால் ஜிப்சம் போட்டு அதையே செய்ய வேண்டும். வடிகால் இல்லாமல் தண்ணீரை மட்டும் தேக்கினால் உப்பு போகாது, கீழே இறங்கித் திரும்ப மேலே வரும். இங்கேயும் அதே வடிகால்தான். குடிதண்ணீர்க் கிணற்றின் வாய் வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும், மூழ்கியிருந்தால் இறைத்து, குளோரின் போட்டு, பரிசோதித்த பிறகே குடிக்க வேண்டும்.

எச்சரிக்கை பற்றி. 1970இல் போலா புயலில் இப்போதைய வங்கதேசத்தில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 2020இல் ஆம்பன் வந்தபோது அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், இறந்தவர்கள் சில பத்துப் பேர். நடுவே ஐம்பது வருட உழைப்பு: தங்குமிடங்கள், மேடான சாலைகள், மெகாஃபோனோடு வீடு வீடாகப் போகும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள். நானும் அப்படி வீடு வீடாகப் போயிருக்கிறேன். போகச் சொன்னால் மறுப்பவர்கள் புயலை நம்பாதவர்கள் இல்லை. மாட்டை என்ன செய்வது, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திருட்டுப் போகுமா, படுக்கையில் கிடக்கும் அம்மாவை எப்படித் தூக்குவது, தங்குமிடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிவறை இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. ஒரு அக்கா வாசலிலேயே நின்று, "அங்க ராத்திரி வெளிச்சம் இருக்குமான்னு சொல்லு, வர்றேன்" என்றார். அடுத்த மழைக்கு முன் தங்குமிடத்தில் பெண்கள் கழிவறை வழியில் பேட்டரி விளக்குப் போட்டோம், மாட்டுக்கு மேடு ஒதுக்கினோம், காவலுக்கு ஆள் போட்டோம். அந்த வருடம் வாசலில் வாதாட வேண்டிய வீடுகள் வெகுவாகக் குறைந்தன.

எல்லா இடத்தையும் காப்பாற்ற முடியாது. இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இருப்பது அதைவிட மோசம், ஏனென்றால் கடைசி வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு உண்மை முன்பே தெரியும், மற்றவர்கள்தான் மழுப்புகிறார்கள். எங்கள் பகுதியிலும் வெளிக்கரைக்கு ஒட்டிய சில குடும்பங்கள் உள்ளே மேட்டுக்கு வந்துவிட்டார்கள். தனித்தனியாக அல்லாமல் தெருவாகச் சேர்ந்து வந்தார்கள், பழைய நிலத்தில் வறண்ட பருவத்தில் பயிர் செய்யும் உரிமை அவர்களிடமே இருக்கிறது, புது இடத்தின் பட்டா கைக்கு வந்த பிறகே பழைய வீட்டைப் பிரித்தார்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள்.

இப்போது எங்களுக்குப் புது மதகு கட்ட அனுமதி வந்திருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தோம், பழைய மதகின் அளவையே அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். மதகில் தண்ணீர் போகும் வாய்களான கண்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், திறந்திருக்கும் குறைந்த நேரத்தில் அதிகத் தண்ணீர் போக வேண்டுமே. பின்னால் பம்ப் வைக்க வெள்ள மட்டத்துக்கு மேலே மேடையும் குழாய்க்கு வழியும் இப்போதே விட வேண்டும், வண்டல் தண்ணீரை உள்ளே எடுக்கும்படி ஒரு கண்ணாவது இரு பக்கமும் இயங்க வேண்டும். தூணில் எடுத்த அளவுகளின் நோட்டையும் இணைத்து மனு கொடுத்திருக்கிறோம்.